விசிலுக்கு முன்னால் ஒரு கை

விடுப்பில் இருக்கும் அரசு ஊழியர், உரிய அதிகாரியின் முன் அனுமதி பெறாமல், ஊதியத்துக்காகவோ ஊதியமின்றியோ வேறெந்தப் பணியையும் ஏற்கக் கூடாது. விதி இவ்வளவுதான். எண் வேண்டுமென்றால் அடிப்படை விதிகளைப் புரட்டிப் பாருங்கள்; எனக்கு ஓய்வூதியம் கொடுப்பது எண் சொல்வதற்காக அல்ல. மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விதிகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு சிலரை வீட்டுக்கு அனுப்பும் கோப்புகளை நானே எழுதியிருக்கிறேன். ஒரே ஒருவர் விஷயத்தில்தான் இந்த விதி திணறி நான் பார்த்தேன். பொருந்தாமல் போனதால் அல்ல. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. அதுதான் சங்கடமாகிவிட்டது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. "ஆமாம், நான்தான்" என்று கையைத் தூக்கிவிடுவார். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். நடவு, களை, அறுப்பு என்று அடுத்தவர் நிலத்தில் பிழைத்த குடும்பம். அந்தத் தெருவிலிருந்து அரசு வேலைக்கு வந்த முதல் ஆள் அவர். தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது பள்ளியில் இருந்த சிமெண்டுத் தளமும் அவருடைய உயரமும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அவர் குனியாமல் நுழையக்கூடிய வாசல் ஒன்றே ஒன்றுதான். அது லாரி வந்து போகிற வாசல்.

எங்கள் இலாகாவுக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள், அரசாணை இருந்தது. அன்றைக்கு நம் நாட்டில் பந்தாடிப் பிழைக்க விரும்பியவனுக்கு மில்லோ வங்கியோ ரயில்வேயோ எங்களைப் போன்ற இலாகாவோதான் கதி. காலையில் கோப்பு, மாலையில் பந்து. பதவியின் பெயர் இளநிலை உதவியாளர். அந்த அணிக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். எனக்கு ஆட்டம் தெரியும் என்பதால் அல்ல. தணிக்கையில் சிக்காமல் பயணப்படிப் பட்டியல் எழுதத் தெரியும் என்பதால். அப்படித்தான் நான் மைதானத்தின் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அந்நாளில் கூடைப்பந்தில் ஒரு விதி உண்டு. ஃபவுல் என்று நடுவர் விசில் ஊதினால், செய்தவர் ஸ்கோர் மேசையைப் பார்த்துக் கையை உயர்த்த வேண்டும். யார் கணக்கில் எழுதுவது என்று குழப்பம் வரக்கூடாது அல்லவா. ஐந்து சேர்ந்தால் ஆட்டத்தைவிட்டு வெளியே. மற்ற வீரர்கள் இதை எப்படிச் செய்வார்கள் என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கையை விலாவிலிருந்து பிரிக்காமல், பல்லி வாலாட்டுகிற மாதிரி விரலை மட்டும் ஆட்டுவார்கள். இவர் முழுக் கையையும் தூக்குவார். அந்த உயரத்துக்கு அந்தக் கையும் சேர்ந்தால் பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். அதோடு போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இவர் விசிலுக்குக் காத்திருப்பதில்லை.

முதலில் நான் பார்த்தது தஞ்சாவூரில் நடந்த ஒரு போட்டியில். மேற்கே ஏதோ மில் அணியோடு இறுதி ஆட்டம். நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். முடியப்போகிற நேரம். எதிரணிப் பையன் வளையத்துக்கு எம்பினான், இவரும் எம்பினார், பந்து வெளியே போயிற்று. நடுவர் அந்தப் பக்கம் நின்றதால் அவருக்கு இவருடைய முதுகுதான் தெரிந்தது. அடிபட்ட பையனே ஒன்றும் சொல்லாமல் திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டான். இவர் தரையில் கால் ஊன்றினார், ஸ்கோர் மேசையைப் பார்த்துத் திரும்பினார், கையைத் தூக்கினார். நடுவர் வாயில் விசிலை வைத்துக்கொண்டு, ஊதுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கடைசியில் ஊதினார். அந்தப் பையன் இரண்டு தண்டனை எறிதல்களையும் போட்டான். தோற்றோம்.

எங்கள் அணித் தலைவர் பாபநாசத்துக்காரர், வாய் கொஞ்சம் நீளம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து இவரைக் கேட்டார்: "நீ எந்தக் கட்சிக்குடா ஆடுற? முன்னாடியே சொல்லிட்டியானா நாங்க நாலு பேரு தனியா ஆடிக்கிறோம்."

இவர் சோடாவைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "கையைத் தூக்கிட்டா அது அத்தோட போயிடுதுண்ணே. இல்லேன்னா அதையே நினைச்சுக்கிட்டு அடுத்த பந்தைக் கோட்டை விட்டுடுவேன்."

கவனியுங்கள். நீதி, தருமம், மனச்சாட்சி என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பந்து நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான். உண்மையில் அவருக்கு அடுத்த பந்து நன்றாகவே வரும். தோற்ற அன்றுகூட பலகையில் பட்டுத் திரும்பிய பந்துகளில் பாதி அவர் கையில்தான் விழுந்தது. அதனால்தான் தலைவர் திட்டுவாரே தவிர, அணியிலிருந்து எடுக்கச் சொல்லி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

மைதானத்தில் இருந்தவரை இது விளையாட்டு. அலுவலகத்துக்குள் வந்தபோதுதான் ஆபத்தாயிற்று. அரசு அலுவலகம் என்பது யார் செய்தது என்று தெரியாமல் இருப்பதன் மேல் கட்டப்பட்ட ஒன்று. குறிப்பு எழுதியவர் இனிஷியல் போடுவார், அதைப் படிக்க முடியாது. கோப்பு தாமதமானால் "நிர்வாகக் காரணங்களால்" தாமதமாகும். அப்படிப்பட்ட இடத்தில், மேலதிகாரி ஆய்வுக்கு வந்து தபால் தவறான ஊருக்குப் போனது யாரால் என்று கேட்கும்போது, எல்லாரும் தரையில் எதையோ தேடிக்கொண்டிருக்கிற வேளையில், கடைசி வரிசையிலிருந்து விட்டத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கை எழுந்தால் எப்படி இருக்கும். மேலதிகாரிக்கே தர்மசங்கடம். கேள்வி கேட்டது பதிலுக்காக இல்லையே.

ஒன்று சொல்லிவிட வேண்டும். தன் தவறுக்கு மட்டும்தான் அந்தக் கை எழும். அடுத்தவர் தவறைக் காட்ட அதில் ஒரு விரல்கூட அசைந்து நான் பார்த்ததில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் மாதத்தில் பாதி நாள் உணவு இடைவேளையோடு காணாமல் போவார். அதைப் பற்றி இவரிடம் கேட்டால் "என் மேசையைப் பத்திக் கேளுங்க சார்" என்பார்.

அறுவடை விவகாரமும் அந்தக் காலத்தில்தான். புதிய ஆட்சி வந்து, கடிதங்களுக்கு அடியில் "தங்கள் பணிவுள்ள" போய்த் தமிழ் வாழ்ந்துகொண்டிருந்த சமயம். கீழ்த்தஞ்சையில் ஒவ்வொரு தை மாதமும் வயலுக்கு வயல் தகராறு. கூலியை உயர்த்தாமல் அறுக்க மாட்டோம் என்று விவசாயச் சங்கத்துக்காரர்கள் நிற்க, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். இவர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். இவர் ஊர் மிராசுதாரின் காரியக்காரர், அதாவது நிலத்தின் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவர், வயலுக்குக் குறுக்கே நின்ற ஒரு வயசாளியின் மேல் தடியை ஓங்கிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார். இவர் இடையில் போய் நின்றார். மைதானத்தில் எதிராளி ஓடிவரும் பாதையில் போய் நிற்பாரே, அந்த மாதிரி. காரியக்காரர் இவருடைய தோளில் மோதி வாய்க்காலில் விழுந்தார். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து தெருவை வளைத்துக்கொண்டார். காரியக்காரரைத் தள்ளியது யார் என்று கேட்டார். இந்த மாதிரி நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. எல்லாரையும் பிடித்துக்கொண்டு போவார்கள், எல்லாரும் போவார்கள். ஒருவரைத் தனியாகப் பிரித்து அடிக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். அத்தனை பேரும் கல்லாக நிற்கும்போது கூட்டத்துக்கு மேலே ஒரு கை எழுந்தது. சங்கத்துக்காரர்கள் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டருக்கும் ஏமாற்றம், லாரி கொண்டுவந்திருந்தார், ஏற்ற ஒரே ஒரு ஆள்தான் கிடைத்தார்.

வழக்கு திருத்துறைப்பூண்டி கோர்ட்டில் வந்தது. தண்டனை விழுந்தால் வேலை போய்விடும். என்ன ஆகிறது என்று பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி இலாகா என்னை அனுப்பியது. சங்கத்து வக்கீல் கெட்டிக்காரர். ஆனால் அன்றைக்கு அவருக்கு வேலையே இருக்கவில்லை. காரியக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். யார் தள்ளியது என்று மாஜிஸ்டிரேட் கேட்டார். காரியக்காரர் நீதிமன்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மிராசுதாரின் உறவுக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பெண் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தி வீட்டார் அவர்களுக்குப் பின்னால். ஆமாம் என்றால், அந்தத் தெருக்காரன் தன்னைத் தொட்டான், தொட்டுத் தண்ணீரில் தள்ளினான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதை ஒருவர் எழுதிக்கொள்வார். அது கோர்ட்டுப் பதிவேட்டில் என்றைக்கும் இருக்கும்.

"யாரும் தள்ளலீங்க," என்றார் காரியக்காரர். "வரப்பு வழுக்கிச்சு. நானாத்தான் விழுந்தேன்."

குற்றவாளிக் கூண்டில் கை எழுந்தது.

"கையை எறக்குப்பா," என்றார் மாஜிஸ்டிரேட்.

இறக்கினார். ஆனால் வாய் இருந்ததே. "தோளால இடிச்சேங்க ஐயா."

"இடிபட்டவரே இல்லேங்கிறாரு. உனக்கு என்ன வந்துது? சும்மா நில்லு."

வழக்கு தள்ளுபடி ஆயிற்று. வெளியே வேப்பமரத்தடியில் காரியக்காரர் தனியாக நின்றிருந்தார். இவர் அவரிடம் போய், அன்றைக்கு விழுந்ததில் அடிபட்டதா என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். காரியக்காரர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். தண்டனை பெற்றவர் யார் என்று அந்த இடத்துக்குப் புதிதாக வந்தவரைக் கேட்டால் காரியக்காரரைத்தான் காட்டியிருப்பார்.

பினாங்குக்கு இவரைக் கொண்டுபோனது கூத்தாநல்லூர் ராவுத்தர் ஒருவர். அங்கே அவருக்கு ஜவுளிக்கடை. பினாங்கில் சீனர்களுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். ஊருக்கு ஊர் சங்கம், சங்கத்துக்குச் சங்கம் அணி. ராவுத்தரின் பக்கத்துக் கடைக்காரர் ஒரு சீன பிஸ்கட் வியாபாரி. அப்படி ஒரு அணிக்குத் தலைவர். நெட்டையான ஆள் கிடைக்கவில்லையே என்று தினமும் புலம்புவாராம். ஊருக்கு வந்த ராவுத்தர் தஞ்சாவூரில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். சீட்டித் துணிக்கு ஆர்டர் கொடுத்துத் தருவிக்கிற மாதிரி ஆளைத் தருவித்துவிட்டார். மாதச் சம்பளம், தங்க இடம், வேலை பந்தாடுவது மட்டும். இவர் ஊதியமில்லா விடுப்புக்கு எழுதிக்கொடுத்தார். காரணம்: சொந்த அலுவல். அரசு அகராதியில் எதையும் மூடுகிற போர்வை அது. அதன் அடியில் கல்யாணம், கடன், காதல் எல்லாம் தூங்கும். விடுப்பு கிடைத்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்.

அங்கே நடந்ததெல்லாம் ராவுத்தர் அடுத்த முறை பெண்ணின் நிக்காஹுக்கு வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். தஞ்சாவூரில் என் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து, வந்த காப்பியை ஆறவிட்டுவிட்டுச் சொன்னார்.

"சார், உங்க ஆளு வந்த புதுசுல ரெண்டு பேரு பந்தயத்துல கடையையே தோத்துட்டான் சார்."

அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளியே பந்தயம் கட்டுவார்களாம். ஜெயிக்கிற ஆட்டத்தில் இவர் தானாகக் கையைத் தூக்க, பந்தயம் கட்டியவர்கள் இவரை எதிராளி விலைக்கு வாங்கிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். ராவுத்தரின் கடைக்கே வந்து, யார் பணம் கொடுக்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறார்கள். யாரும் கொடுக்கவில்லை, இவன் இப்படித்தான் என்று ராவுத்தர் சொன்னதை அவர்களால் நம்ப முடியவில்லை. தொழிலே அந்த மாதிரி. அப்புறம் அவர்களில் ஒருவர் இவரையே பிடித்து, கையைத் தூக்காமல் இருப்பதற்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். தப்பு செய்யக் கூலி கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்ளாமல் இருக்கக் கூலி கொடுத்ததாக அதற்கு முன் கேட்டதில்லை.

"திருப்பிக் கொடுத்துட்டான் சார். அதோட விட்டானா? நேரா பிஸ்கட்காரர்கிட்ட வந்து நின்னு கையைத் தூக்குறான். 'வாட்ச்சைக் கொடுத்துட்டேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவ கட்டிப் பார்த்தேன்'ங்கிறான். நான்தான் அவருக்கு மொழி பேர்த்துச் சொன்னேன். அந்த ஆளு சிரிச்ச சிரிப்புல கண்ணாடி கீழ விழுந்துடுச்சு."

அன்றிலிருந்து இவர் ஆடுகிற ஆட்டத்துக்குப் பந்தயம் நின்றுபோயிற்றாம். எப்போது கை எழும் என்று தெரியாத ஆளை நம்பி யார் பணம் கட்டுவார்கள். கூட்டம் குறையும் என்று பயந்தார்கள். மாறாக, அதுவரை மைதானத்துப் பக்கமே வராத பெண்களும் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். நடுவர்கள் சந்தேகம் வந்தால் முதலில் இவருடைய கையைப் பார்த்துவிட்டு அப்புறம் விசில் ஊதினார்கள் என்றார் ராவுத்தர். அதில் கொஞ்சம் கூத்தாநல்லூர்க் கலப்படம் இருக்கலாம். ஈப்போ, சிங்கப்பூர் என்று இவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய் ஆடினார்கள் என்பது மட்டும் நிச்சயம். ஈப்போவில் மழை பெய்து ஈரமான தளத்தில் சறுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. அதோடு ஆட்டமும் போயிற்று. கால் சற்று இழுக்க, ஒரு தகரப் பெட்டியோடு இவர் திரும்பி வந்தபோது விடுப்பு முடியக் கொஞ்ச நாள் பாக்கி இருந்தது. எல்லாம் முறைப்படிதான்.

பணியில் சேரும் அறிக்கையோடு அவரை அதிகாரியின் அறைக்கு அழைத்துப் போனது நான்தான். அதிகாரி நல்ல மனுஷர், ஓய்வு பெறப் போகிறவர், எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். பேனாவைத் திறந்தார். மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்: "என்னப்பா, மலேயாவுல என்ன பண்ணினே? சொந்தக்காரங்களை எல்லாம் பார்த்தியா?"

இது கேள்வியே இல்லை. ஆமாங்க என்று சொன்னால் பேனா இறங்கிவிடும்.

"ஆடினேங்க ஐயா. சம்பளத்துக்கு."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் பெருந்தன்மையோடு இன்னொரு வழி திறந்துவிட்டார். "சும்மா பொழுதுபோக்கா ஆடியிருப்பே."

"இல்லீங்க, மாசச் சம்பளம். விடுப்புல இருக்கிறவன் முன்னனுமதி இல்லாம அப்படி வாங்கக் கூடாதாம். கப்பல்ல வர்றப்பதான் ரயில்வேக்காரர் ஒருத்தர் சொன்னாரு. வாங்கினது தப்புதாங்க." சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினார். விரல் நுனி மின்விசிறிக்குப் பக்கத்தில் போய்விட்டது. அதிகாரி பேனாவை மூடினார். அவருக்கு வேறு வழியில்லை, கேட்டது கேட்டதுதான். கேட்ட பிறகு கையெழுத்துப் போட்டால் தப்பு அவருடையதாகிவிடும்.

வெளியே வந்ததும், "ஏம்ப்பா, அவர் கேட்டது ஒரு கேள்வியா?" என்றேன்.

"கேள்வி மாதிரிதான் சார் இருந்துச்சு," என்றார்.

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தோம். "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரே வரியில் விளக்கம் வந்தது. நான் கோப்பில் நீளமாக ஒரு குறிப்பு எழுதினேன். ஊழியர் மறைக்கவில்லை, அரசுக்கு இழப்பு இல்லை, எனவே பின்னேற்பு வழங்கலாம். பின்னேற்பு என்றால், முன்பே வாங்கியிருக்க வேண்டிய அனுமதியைப் பின்னால் கொடுப்பது. அரசு மட்டும் செய்துகொள்ளக்கூடிய ஜாலம் அது. கோப்பு சென்னைக்குப் போயிற்று. சென்னைக்குப் போன கோப்பு எங்கள் ஊர்க் காவிரித் தண்ணீர் மாதிரி. மேலே திறந்துவிட்டால்தான் வரும். எப்போது திறப்பார்கள் என்பது கடைமடையில் இருப்பவனுக்குத் தெரியாது. அதுவரை இவர் பணியில் இருப்பவரும் இல்லை, இல்லாதவரும் இல்லை. ஊருக்குப் போய்விட்டார்.

ஊரில் காலம் கொஞ்சம் மாறியிருந்தது. நில உச்சவரம்புக்குப் பயந்து மிராசுதார் பாதி நிலத்தை வண்டிக்காரன் பெயரிலும் சமையற்காரம்மாள் பெயரிலும் எழுதிவைத்திருந்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும் நெல் வந்து சேர்வது ஒரே களத்துக்குத்தான். கூலியும் உயர்ந்திருந்தது. தகராறு மட்டும் நிற்கவில்லை. வயலிலிருந்து களத்துக்கு நகர்ந்திருந்தது. நெல் குறைகிறது என்று மிராசுதார் சொல்வார், அளவு குறைகிறது என்று ஆட்கள் சொல்வார்கள்.

கார்த்திகை மாதம் ஒருநாள் காரியக்காரர் இவர் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, தெருவிலேயே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் வயதாகியிருந்தது. களத்துக் காவலுக்கு வரச் சொன்னார். இந்த முழங்காலோடு சேற்றில் இறங்கி வேலை செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவர் சொன்னதை இவர் எனக்கு அப்படியே ஒப்பித்தார்: "மத்தவன் எவனை நிறுத்தினாலும் ரெண்டு பக்கமும் வாங்கித் தின்னுறான். நீ பொய் சொல்ல மாட்டே. அறுப்புக்கு ஆள் எறங்குறதுக்குள்ள பதில் சொல்லிடுப்பா." வாடா போடா என்று பேசிய வாய், இப்போது 'ப்பா' போட்டிருந்தது. அதைக் கவனித்தாயா என்று அவரைக் கேட்டேன். கவனித்தேன் என்றார்.

நல்ல வேலைதானே என்று எனக்கு முதலில் தோன்றியது. இவர் என் அலுவலகத் தாழ்வாரத்து பெஞ்சில், எளிதில் மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து எனக்கு விளக்கினார். களத்தில் நெல் அடிக்கிற பெண்கள் வீடு திரும்பும்போது மடியில் இரண்டு பிடி போட்டுக்கொள்வார்கள். எத்தனையோ தலைமுறையாக நடப்பது. கூலி உயர்ந்தும் அது நிற்கவில்லை. காவல்காரர்கள் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பார்கள். இவருடைய அம்மாவே மடியில் போட்டு வந்துதான் இவரை வளர்த்தார்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'நீ களத்துல நின்னியானா நாங்க மடியை எப்படிடா கட்டுறது'ன்னு கேட்டுச்சு சார். தெருவுல யாரும் இப்ப என்கூட சரியா பேசுறதில்ல."

அடுத்தவர் தவறை இவர் சொல்கிறவர் இல்லையே என்று நான் நினைவூட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "அவங்க அள்ளுறதை நான் சொல்ல மாட்டேன். ஆனா பார்த்துக்கணும்னுதானே சார் என்னை நிறுத்துறாங்க? பார்த்துட்டு விட்டேன்னா அது என் தப்பு. காரியக்காரர் வந்து கேட்டார்னா..." வலது கை மடியில் கிடந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் தெரு முழுவதையும் ஒருநாள் காட்டிக்கொடுத்துவிடுவார், காட்டிக்கொடுக்க நினைக்காமலே. சென்னையிலிருந்து பதில் வந்தால் ஒழிய வேறு வழி இல்லை. தையில் அறுப்பு. நடுவில் மார்கழி ஒன்றுதான்.

நினைவூட்டு அனுப்பினேன். நினைவூட்டுக்கு நினைவூட்டு அனுப்பினேன். வேறு வேலையாகச் சென்னைக்குப் போகிற வாய்ப்பு வந்தபோது அந்தப் பிரிவுக்கே நேரில் போனேன். பிரிவு அலுவலர் என்னைவிட இளையவர், மரியாதையானவர். கோப்பை எடுத்தே காட்டினார். எல்லாருக்கும் ஒப்புதல்தான், ஆனால் யாருக்கும் கையெழுத்துப் போடத் துணிவில்லை.

"பிடிபட்டவங்க கோப்பு எங்ககிட்ட அலமாரி அலமாரியா இருக்கு சார்," என்றார் அவர். "பிடிபடாம, கேக்காம, தானா வந்து சொன்னவங்களுக்கு என்ன செய்யறதுன்னு ஒண்ணும் கிடைக்கலை. உங்க மாவட்டத்துல அப்படி ஒரு பழைய கோப்பு இருந்தா அனுப்புங்களேன், அதை வெச்சு முடிச்சிடலாம்."

திரும்பி வந்து பதிவறையில் தேடினேன். உதவிக்கு ஆள் கேட்டால் தூசி ஒவ்வாது என்றார்கள். வெள்ளைக்காரன் காலத்து மூட்டைகள்வரை அவிழ்த்துப் பார்த்தேன். கையாடல் இருந்தது, போலிச் சான்றிதழ் இருந்தது, பிரேதத்துக்குச் சம்பளம் வாங்கியது இருந்தது. தானாக வந்து சொன்னவர் ஒருவர்கூட இல்லை. "இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் அறிக்கை அனுப்பினேன். அது அவருக்கு எதிராகத்தான் போகும் என்று நினைத்தேன். அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை இங்கே எழுதினால் என் பழைய சகாக்கள் நம்ப மாட்டார்கள். எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி ஓடிற்று. வயலெல்லாம் கதிர் சாய்ந்துவிட்டது என்று அவர் வரும்போதெல்லாம் சொல்வார். அப்புறம் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

கடைசியில் ஒருநாள் முதல் பேருந்திலேயே வந்துவிட்டார். அன்று சாயங்காலம் காரியக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று முடிவு செய்திருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஆறுதல் சொல்லவில்லை. அதற்கு எனக்கு நடைமுறை தெரியாது. தபால்காரர் வந்து கட்டை என் மேசையில் போட்டார். பண்டிகை நேரம், அனுப்புதல் பிரிவில் ஆள் இல்லை. நானே பிரித்தேன்.

மூன்றாவது உறை. தட்டச்சில் பாதி எழுத்து மங்கியிருந்தது. முதல் பத்தி விதியைச் சொன்னது. இரண்டாவது பத்தி அவர் அதை மீறியதைச் சொன்னது. நான் மூன்றாவது பத்திக்கு வருவதற்குள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தேன். இதுபோன்ற நேர்வு இதற்கு முன் எழுந்ததில்லை என்று மாவட்ட அலுவலகம் அறிக்கை அளித்துள்ளதாலும், ஊழியர் தாமாகவே முன்வந்து தெரிவித்துள்ளதாலும், தனி நேர்வாகக் கருதிப் பின்னேற்பு வழங்கப்படுகிறது. அவரை உடனடியாகப் பணியில் சேர்த்துக்கொள்ளலாம். கீழே ஒரு வரி: இவ்வாணையை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது.

தாழ்வாரத்துக்குப் போய் அவர் கையில் கொடுத்தேன். அவர் மெதுவாக, ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்துப் படித்தார். முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து படித்தார். நீட்டியிருந்த காலைக் கையால் தூக்கி மடக்கிக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"கடைசி வரி என்ன சார்? முன்னுதாரணமா கொள்ளக் கூடாதுன்னு?"

"நாளைக்கு இன்னொருத்தன் இதே மாதிரி உண்மையைச் சொல்லிட்டு, இந்த ஆணையைக் காட்டி எனக்கும் கொடுங்கன்னு கேக்கக் கூடாது. அதுக்குத்தான்."

"யாரு சார் கேக்கப்போறாங்க?" என்றார்.

நான் சிரித்தேன். அந்தத் தாழ்வாரத்தில் நான் சிரித்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்போதே சேர்ந்துவிடச் சொன்னேன். ஒப்பமிட்டுவிட்டு, அரை நாள் விடுப்பு வேண்டும் என்றார். சேர்ந்த அன்றே விடுப்பா என்று கேட்டேன்.

"காரியக்காரர் காத்துக்கிட்டிருப்பாரு சார். வரலைன்னு நேர்ல சொல்லணும். அம்மாகிட்டயும் சொல்லணும்."

விடுப்புக்கான காரணத்தில் அதையே எழுதிக் கொடுத்தார், ஒரு வார்த்தை மறைக்காமல். அப்படியே அனுமதித்தேன். அவர் லாரி வாசல் வழியாக, நிமிர்ந்தே வெளியே போனார். அப்புறம் மேசைக்கு வந்து, ஆணையின் மூலையில் பெறப்பட்ட நாளுக்கான முத்திரையை நானே குத்தினேன். மார்கழியின் கடைசி நாள், போகி.